தகரக் கூரைக்கு அடியில் ஒரு கடல்

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். கம்பி கட்டுவதையும் கான்கிரீட் போடுவதையும் உங்களுக்குச் சொல்லித்தர அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நான் கட்டடத்துக்குப் பக்கத்தில் நடந்து போகிறவர்களைப் பற்றி எழுதுகிறேன். நம் வரைபடத்தில் அவர்களைக் காட்டுவதில்லை. ஆனால் மேலே நாம் எதைத் தவறவிட்டாலும் அது அவர்கள் தலையில்தான் வந்து விழும்.

நான் செந்துறைக்காரி. வாழ்க்கைப்பட்டது அரியலூரில். வேலை பார்த்ததில் பெரும்பகுதி பெரம்பலூரில். கடைசிச் சில வருடங்கள் பாதுகாப்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பெல்ட்டு எங்கே, ஷூ எங்கே என்று கேட்டு எல்லார் முகத்தையும் சுருங்க வைக்கிற வேலை என்று அதற்குப் பேர். பலரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். என் வேலைக்காலத்தில் நான் அதிகம் சிரித்தது அந்த வருடங்களில்தான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைவீதிக்குத் திரும்பும் இடத்தில் ஒரு ஜவுளிக்கடை கட்டிக்கொண்டிருந்தோம். நாலு மாடி. உரிமையாளர் நல்லதம்பி, பூலாம்பாடியில் சின்னதாக ஒரு துணிக்கடை போட்டு, அதிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். இந்தக் கட்டடம் அவருடைய கனவு. தினமும் சாயங்காலம் வந்து எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பார்த்துவிட்டு யாரிடமாவது, "இன்னும் ரெண்டு மாடி ஏத்தியிருக்கலாம்ல?" என்று கேட்பார்.

வழக்கப்படி முன்பக்கம் தகரம் அடித்து மறைத்திருந்தோம். அந்தத் தகரம் நடைபாதை முழுவதையும் விழுங்கிவிட்டது. ஜனங்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். பஸ் திரும்பும் இடம் அது. ஒரு நாள் காலை நர்சிங் படிக்கும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண் தகரத்தை ஒட்டிச் சாலையில் இறங்கவும் ஒரு டவுன் பஸ் திரும்பவும் சரியாக இருந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சாப்பாட்டு டப்பா மட்டும் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. டிரைவர் பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, நல்லதம்பியைத் தேடிப் பிடித்து, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஜவுளிக்கடைக்காரருக்கு ஊரில் பேர் முக்கியம். அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டு, என்ன செய்யணுமோ செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நடைபாதையின் மேல் கூரை போட்டு, கீழே ஜனங்கள் நடந்து போக வழி செய்வது என்று முடிவானது. இரும்புக் குழாய் நட்டு, மேலே பலகை பரப்பி, இரண்டு பக்கமும் தகரம் அடித்தோம். சின்னதுரை மேஸ்திரி அந்த வாரமே முடித்துக் கொடுத்தார். வேகமான வேலைக்காரர். முடித்துவிட்டு அதன் முன்னால் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒருவரும் உள்ளே நடக்கவில்லை.

நாய்கள் நடந்தன. வெயில் ஏறியதும் அவை உள்ளே படுத்துக்கொண்டன. இருட்டினால் சில ஆம்பிளைகள் வேறு காரியத்துக்காக உள்ளே போனார்கள். பெண்கள், பிள்ளைகள், கூடை தூக்கி வருகிறவர்கள் எல்லாரும் முன்பு போலவே சாலையில் பஸ்ஸோடு பஸ்ஸாக நடந்தார்கள். ஊரில் அதற்கு எலிப்பொறி என்று பேர் வைத்துவிட்டார்கள். நல்லதம்பி ஒரு சாயங்காலம் எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பார்த்தார். "ஊர்ல இருக்கிற நாய்க்கெல்லாம் வூடு கட்டிக் குடுத்துட்டீங்க மேடம்" என்றார்.

சின்னதுரை ஒரு வழி சொன்னார். சாலை ஓரமாகக் கயிறு கட்டிவிட்டால் ஜனங்கள் உள்ளே போய்த்தானே ஆகவேண்டும் என்றார். அந்த யோசனையை ஏற்றுக்கொள்ள நல்லதம்பி தயாராக இருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பயந்து ஒதுங்குகிறவர்களைக் கயிறு கட்டி உள்ளே தள்ளினால் அவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் தள்ளி, சாலையின் நடுவில் நடப்பார்கள். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் அந்த நர்சிங் பெண்களைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். டப்பாவைத் தவறவிட்டவள் பேர் கயல். கண்ணைப் பார்த்து நேராகப் பேசுகிறவள். ஏன் உள்ளே நடக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கயல் மட்டும் சொன்னாள்.

"உள்ள யாரு நிக்கிறாங்கன்னு வெளிய இருந்து தெரியலீங்க மேடம். உள்ள எங்களுக்கு ஏதாச்சும் ஆனாலும் வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியாது. பஸ்ஸு அடிச்சா நாலு பேரு ஓடியாந்து தூக்குவாங்க. இதுக்குள்ள யாரு வருவா?"

நான் மேலேயிருந்து விழக்கூடிய பொருளைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். அவளுக்கோ, பக்கத்தில் நிற்கக்கூடிய ஆளைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு என்று நாம் ஒன்றைக் கட்டும்போது, அதற்குள் நடக்கப் போகிறவருக்கு எதன் மேல் பயம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். உங்கள் பயமும் அவர் பயமும் ஒன்றாக இருக்காது.

அவளையும் அவள் தோழிகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த எலிப்பொறிக்குள் நடந்தோம். பெண்கள் கூட்டமாக வந்ததால் தைரியமாகப் பேசினார்கள். இங்கே மூச்சு முட்டுகிறது, இந்தப் பலகை ஆடுகிறது, இந்த இடத்தில் தலை இடிக்கும், இங்கே தண்ணீர் தேங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தாள். வெளியே வந்ததும் எல்லாருக்கும் எதிர்க் கடையில் லெமன் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பின் முழுவதையும் பிரித்துத் திரும்பக் கட்டினோம். சாலைப் பக்கத் தகரத்தை இடுப்புக்கு மேல் எடுத்துவிட்டு அங்கே கம்பி வலை வைத்தோம். கூரையை உயர்த்தினோம். வழியை அகலப்படுத்தி, இரண்டு முனையிலும் படி வைக்காமல் சரிவாக விட்டோம். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் இடிக்காமல் போகலாம். கட்டடப் பக்கம் சுவராகப் பலகை அடைத்து, உள்பக்கம் முழுக்க வெள்ளை அடித்து, விளக்குகளை நெருக்கமாகப் போட்டோம். கூரையின் ஓரத்தில் மேல்நோக்கி ஒரு முழ உயரத்துக்குத் தடுப்புப் பலகை வைக்கச் சொன்னேன். கூரை மேல் விழுகிற பொருள் அங்கேயிருந்து துள்ளிச் சாலைக்குப் போய்விடக்கூடாது. இது எதுக்கு மேடம், பாக்க நல்லாயில்ல என்றார் சின்னதுரை. கீழேயிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸிடம் சொல்லி அந்தப் பக்கச் சாலையைச் சற்று நேரம் மூடினோம். வழிக்குள் யாரும் இல்லை என்று நானே நடந்து பார்த்துவிட்டு, மேல் மாடியிலிருந்து, கான்கிரீட் இறுகும்வரை தாங்குவதற்கு அடிக்கிற சென்ட்ரிங் பலகைகளைக் கட்டாகக் கட்டிக் கூரையின் மேல் போடச் சொன்னேன். நல்லதம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். நீங்களே கட்டி நீங்களே உடைக்கிறீர்களா என்று கேட்டார். உண்மையிலேயே உடைந்தது. ஒரு பலகை பிளந்து உள்ளே தொங்கியது. அடுத்து இரண்டு அடுக்காகப் பலகை போட்டு, நடுவில் மணல் மூட்டை பரப்பி, மறுபடியும் போட்டுப் பார்த்தோம். இந்த முறை கூரை அசையவில்லை. அதற்கப்புறம்தான் ஜனங்களுக்குத் திறந்துவிட்டேன்.

இனி அழகு. வெள்ளையடித்த அந்த நீள வழியைப் பார்த்ததுமே நல்லதம்பிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. தன் படத்தைப் போட்டு, பட்டுப்புடவை கட்டிய நாலு பெண்களைப் போட்டு, பெரிய பிளெக்ஸ் அடித்து வலையின் மேல் கட்டிவிடலாம் என்றார். கட்டினால் மறுபடியும் இருட்டாகிவிடும், காற்று அடித்தால் படகுப் பாய் மாதிரி மொத்தத்தையும் இழுக்கும் என்று சொன்னேன். "என் பணத்துல கட்டுன வழியில என் மூஞ்சி இருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே வருத்தமாகக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் ஜமால் சார் வந்து சேர்ந்தார். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். காலையில் அந்த வழியாக நடக்கும்போது வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். ஒரு நாள் என்னிடம் வந்து, இந்தச் சுவரைச் சும்மா விடுவது பாவம், எங்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்றார். என்ன வரைவீர்கள் என்று கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில் கிடைப்பது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்தது, அதில் நீந்திய உயிரின் கூடு இது என்று பள்ளிக்கூடத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

"நம்ம புள்ளைங்க மெரினாவுக்குப் போயிதான் கடலைப் பாக்குதுங்க. காலுக்குக் கீழ கிடந்த கடலைக் காட்டுவோமே" என்றார்.

நல்லதம்பி அந்தக் கல்லை வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கடலில் நீந்துகிற மீன்களுக்குப் பட்டுக்கரை போட வேண்டும், அது தன் கடையில் எடுத்த மாதிரி இருக்க வேண்டும். ஜமால் சார் சிரிக்காமல் ஒத்துக்கொண்டார்.

பிள்ளைகளைத் தளத்துக்குள் கூப்பிட நான் விடவில்லை. சுவர்ப் பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூட மைதானத்துக்கே அனுப்பினேன். பலகைகள் திரும்பி வந்தபோது தளத்தில் வேலை நின்றுவிட்டது. சித்தாள், கம்பி கட்டுகிறவர், எலக்ட்ரீஷியன் என்று எல்லாரும் இறங்கி வந்து பார்த்தார்கள். சுருள் கூடுகள், நட்சத்திர மீன்கள், கழுத்து நீண்ட ஏதோ ஒரு பெரிய பிராணி, ஜரிகைக்கரை போட்ட மீன்கள். எப்போதோ கல்லாகிப் போன சாத்தனூர் மரம்கூட ஒரு மூலையில் பச்சை இலையோடு நின்றது. ஒரு மீனுக்கு மீசை வைத்து, அச்சு அசலாக நல்லதம்பி சாயலில் வரைந்திருந்தார்கள். அவருக்கு அதைக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதன் முன்னால் போய் நின்று, சின்னதுரையைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்.

எலிப்பொறி என்ற பேர் ஒரே வாரத்தில் போய்விட்டது. கடல் என்ற பேர் வந்தது. "கடல்கிட்ட நிக்கிறேன், வா" என்று செல்போனில் பேசுவார்கள். கண்டக்டர்கள் "கடல் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அரியலூரிலிருந்து வந்த ஒரு அம்மாள், பெரம்பலூரில் எந்தப் பக்கம் கடல் என்று என்னிடமே விசாரித்தார்.

நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு ஆபத்து வளர்ந்துகொண்டிருந்ததைக் கவனிக்கச் சில வாரம் ஆயிற்று. நடந்து போகத்தான் அந்த வழி. இப்போது ஜனங்கள் அங்கே நிற்க ஆரம்பித்தார்கள். நிழல் இருந்தது, காற்று வந்தது, விளக்கு இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், டீ குடிக்கிறவர்கள், குழந்தைக்கு மீன் காட்டிச் சோறு ஊட்டுகிறவர்கள். பூக்காரம்மா ஒருவர் கூடையோடு உள்ளே குடியேறிவிட்டார். எப்போது பார்த்தாலும் உள்ளே கூட்டம். மேலே வேலை நடக்கும் கட்டடத்தின் கீழே தேவைக்கு அதிகமாக ஒருவர்கூட நிற்கக் கூடாது. இதை எப்படிச் சரி செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஆடி பிறந்துவிட்டது.

ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்குப் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் சேர்ந்து வழி நிரம்பியிருந்தது. நான் எதிர்ச்சாரியில் நின்று நல்லதம்பியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு வழியின் கோடியில், கட்டடத்தைத் தாண்டித் தனியாகப் பந்தல் போட்டால் என்ன என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேல் தளத்தில் கழற்றிய சென்ட்ரிங் பலகைகளை ஓரத்தில் அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அன்று இறக்க வேண்டியவை. ஒரு காற்று சாலையில் மண்ணை வாரிக்கொண்டு வந்தது. தலையைத் தூக்கினேன். அடுக்கின் கயிறு அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மேல் பலகையின் விளிம்பு பறவை இறக்கை மாதிரி தூக்கியது. சின்னதுரையும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்து அதன் மேல் விழுந்து படுத்தார்கள்.

நல்லதம்பியும் பார்த்துவிட்டார். "எல்லாரும் வெளிய வாங்க, வெளிய ஓடியாங்க" என்று கத்திக்கொண்டே சாலையில் இறங்கினார்.

அந்தக் கத்தலில் தப்பு ஒன்றும் இல்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். கட்டடத்திலிருந்து ஏதோ விழப் போகிறது என்றால் கட்டடத்தை விட்டு ஓடச் சொல்வோம். ஆனால் அந்த வழியின் இரண்டு வாயிலுக்கும் வெளியே மேலே ஒன்றும் கிடையாது. பலகை வந்தால் வாயிலில்தான் வரும், அல்லது சாலையில் வரும். அந்த ஊரில் அப்போது தலைக்கு மேல் பத்திரமாக இருந்த ஒரே இடம் அவர்கள் நின்ற இடம். அவர்கள் வாயிலை நோக்கி நகர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் குறுக்கே ஓடிப்போய் இந்தப் பக்க வாயிலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கத்தினால் கூட்டம் மிரளும் என்று தெரியும். வீட்டில் பேசுகிற குரலில் சொன்னேன்.

"யாரும் வெளிய வராதீங்க. கூரை தாங்கும். எல்லாரும் சுவத்துப் பக்கமா ஒட்டி நில்லுங்க. புள்ளைங்களை உள்பக்கமா விடுங்க."

முன்னால் நின்ற ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு வரப் பார்த்தார். நான் நகரவில்லை. மறு கோடியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கயலும் அவள் தோழிகளும் ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு அந்த வாயிலை அடைத்து நின்றார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நான் சொன்னது காதில் விழுந்ததும் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். சாலையில் ஒரு கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பஸ்களை இரண்டு பக்கமும் நிறுத்தினார்.

அவர்கள் பிடிக்கு அடங்காமல் பலகை வந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. இடி விழுந்த மாதிரி சத்தம். பலகை இடுக்கிலிருந்து மணல் பொசபொசவென்று தலையில் கொட்டியது. விளக்குகள் ஆடின. இரண்டாவது பலகை கூரையில் துள்ளி ஓரத்துக்கு வந்து, அந்த முழ உயரத் தடுப்பில் மோதி நின்றுவிட்டது. கூரை அப்படியே இருந்தது.

மேலேயிருந்து சின்னதுரை, மற்றதைக் கட்டிவிட்டோம் என்று குரல் கொடுத்தார். அப்போது பூக்காரம்மா தலையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "கடலுக்கு வந்தா மணல் ஒட்டத்தானே செய்யும்" என்றார். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு வரப் பார்த்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூடையில் மிச்சமிருந்த பூவையெல்லாம் அந்தம்மா நர்சிங் பெண்களுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு கயல் என்னிடம் வந்தாள்.

"கூரை தாங்கும்னு சொன்னீங்களே மேடம், சும்மா தைரியத்துக்குச் சொன்னீங்களா? இல்ல, தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். நானே மேலேருந்து போட்டுப் பாத்திருக்கேன்."

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இந்த ஒன்றை மட்டும் என் வாயால் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து நேரத்தில் முடிவெடுக்கத் தைரியம் வேண்டும் என்பார்கள். எனக்கு அன்று தைரியம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரை தாங்கியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால், உள்ளேயே இருங்கள் என்று சொல்ல என் நாக்கு எழுந்திருக்காது. அவசரத்தில் நிதானமாக இருக்க வேண்டுமென்றால் அவசரம் இல்லாத நாளில் வேலையைச் செய்து வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே சின்னதுரை ஒரு சட்டம் போட்டார். கழற்றிய பலகை எதுவும் மேலே ஓரத்தில் தங்கக் கூடாது, கழற்றிய கையோடு இறக்கிவிட வேண்டும். நான் சொல்லியிருந்தால் முணுமுணுத்திருப்பார்கள். அவர் சொன்னதால் மறுபேச்சு இல்லை. நல்லதம்பி மறுநாளே கோடியில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, தண்ணீர்ப்பானையும் வைத்துவிட்டார். நிற்கிறவர்கள் பந்தலுக்குப் போனார்கள். நடக்கிறவர்கள் கடலுக்குள் நடந்தார்கள். பூக்காரம்மாவும் பந்தலுக்கு மாறிக்கொண்டார். அங்கே வியாபாரம் இன்னும் நன்றாக நடந்தது.

அடுத்த வருடம் கடை திறப்பு விழாவுக்கு முன்னால் வழியைப் பிரித்தோம். பலகைகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அரியலூரில் நம் கம்பெனிக்கு இன்னொரு வேலை ஆரம்பமாகியிருந்தது. கல்யாண மண்டபத்துக்குப் போகிற குறுகலான தெரு, அதில் ஒரு அடுக்குமாடி. லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோய் மறுபடி நட்டோம். ஜமால் சார் அன்று லீவு போட்டுவிட்டு வந்து தெருமுனையில் நின்றார். "எல்லாம் பொறந்த ஊருக்கே வந்து சேர்ந்துடுச்சும்மா, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, ஒவ்வொரு சுருளையும் தொட்டுப் பார்த்தார்.

அந்தத் தெருவுக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. முகூர்த்த நாளென்றால் சீர்வரிசை ஊர்வலம் அந்த வழியாகத்தான் மண்டபத்துக்குப் போகும். முதல் முகூர்த்தம் வந்த காலையில் தெருமுனையில் மேளச்சத்தம் கேட்டது. மேலே செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூரையின் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. இருந்தாலும் தட்டும் பழமும் தலையில் வைத்து, குழந்தைகளைக் கையில் பிடித்து ஒரு குடும்பமே நடந்து வருகிறது. வேலையை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். சின்னதுரை மேலேயிருந்து, எதுக்கு மேடம் என்று கையாலேயே கேட்டார். செங்கல் காத்திருக்கட்டும் என்று நானும் கையாலேயே சொன்னேன்.

ஊர்வலம் உள்ளே நுழைந்தது. நுழைந்ததும் தவிலின் சத்தம் மாறியது. பலகையும் தகரமும் சேர்ந்து அந்தச் சத்தத்தைப் பிடித்து உருட்டித் திருப்பிக் கொடுத்தன. தவில்காரர் முதலில் திடுக்கிட்டார். ஒரு அடி போட்டுக் கேட்டார். இன்னொன்று போட்டுக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்து, அங்கேயே நின்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நாதஸ்வரக்காரரும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டார். பெண்ணின் மாமா, நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். கேட்க ஆள் இல்லை. தாம்பாளம் தூக்கி வந்த பெண்கள் சுவரில் இருந்த மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே தாளத்துக்குத் தலையாட்டினார்கள். கடைசியில் மாமாவும் கைதட்ட ஆரம்பித்தார்.

எல்லாரும் மண்டபத்துக்குப் போன பிறகு தவில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"இத எப்பம்மா பிரிக்கிறீங்க?"

முன்பக்க வேலை முடிந்ததும் பிரித்துவிடுவோம், ஆவணி பிறப்பதற்குள் முடிந்துவிடும் என்றேன்.

"ஆவணியில எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். இதே மண்டபம்தான். அதுவரைக்கும் விட்டு வைக்க முடியுமா? இந்தச் சத்தம் வேற எங்கயும் கிடைக்காதும்மா."

இந்த மாதிரி ஒரு வேண்டுகோளுக்கு நம் கம்பெனியில் விதிமுறை எதுவும் கிடையாது. முன்பக்கத்தில் கண்ணாடி மாட்டும் வேலையையும் பெயிண்ட் வேலையையும் எந்த வரிசையில் செய்வது என்பது மட்டும் என் கையில் இருந்தது. பக்கவாட்டு வேலைகளை முதலில் எடுத்துக்கொண்டு, முன்பக்கத்தைப் பின்னால் தள்ளினோம். கண்ணாடி மாட்டி முடிக்கும்வரை கூரை இருந்துதான் ஆக வேண்டும். சின்னதுரை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தாராளமா நடத்திக்கச் சொல்லுங்க மேடம்" என்றார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்திருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பழத்தட்டோடு, வேலை பார்ப்பவளாக இல்லாமல் விருந்தாளியாக அந்த வழிக்குள் நடந்தேன். பெண்ணைப் பெற்ற தவில்காரர் அன்று மாலையும் வேட்டியுமாக வந்தார். நண்பர் தோளிலிருந்த தவிலைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, நடுவில் நின்று வாசித்தார். கல்யாணப் பெண் ஓரமாக நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே வேலை நின்றிருந்தது. நான் கை காட்டவில்லை, அவர்களே நிறுத்தியிருந்தார்கள். வாசிப்பு முடிந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். சாரத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஆட்கள் வரிசையாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட், அத்தனை பேர் இடுப்பிலும் பெல்ட்டு, கொக்கி கம்பியில் மாட்டியபடி. யாரும் சொல்லாமல். தவில் சத்தத்தைவிட எனக்கு அதுதான் அன்று பெரிய கச்சேரி.